கையெழுத்து யார் போடுவது?

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்கு சுகர் கட்டுக்குள் இருக்கிறது.

போனிலேயே பதில் சொல்லியிருந்தால் சண்டையாகியிருக்கும், அதனால்தான் இந்தக் கடிதம். "குழந்தையில் பாதி புருஷனுடையதுதானே, கலைக்க அவன் சம்மதம் வேண்டாமா?" என்று கேட்டாய். சட்டப்படி வேண்டாம். 1971இல் கருக்கலைப்புச் சட்டம் போட்டபோதே அப்படித்தான் எழுதினார்கள். 18 வயது நிரம்பாதவர், மனநலம் பாதிக்கப்பட்டவர் என்றால் காப்பாளர் கையெழுத்து வேண்டும். மற்றபடி அந்தப் பெண்ணின் கையெழுத்து போதும்.

ஆனால் ஆஸ்பத்திரி வார்டில் வேலை செய்தபோது நான் பார்த்தது வேறு. படிவத்தை நீட்டினால் அந்தப் பெண் பேனாவை வாங்கமாட்டாள், வாசலைப் பார்ப்பாள். அங்கே நிற்கிற மாமியார் தலையசைத்த பிறகுதான் கை வரும். "வீட்டுக்காரரைக் கூட்டிக்கிட்டு வாம்மா" என்று திருப்பி அனுப்பிய டாக்டர்களும் உண்டு. நாளைக்கு அவன் வந்து சத்தம் போட்டால் என்ன செய்வது என்ற பயம். வீட்டுக்காரரோ வடக்கே லாரியில் போயிருப்பார். அவர் வரும்வரை வயிறு காத்திருக்குமா? வீட்டார் சம்மதம் கேட்டு இப்படி அலைக்கழிப்பதற்குச் சட்டத்தில் இடமில்லை என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. 24 வாரம் வரையிலான அனுமதியில் மணமாகாதவர்களை ஒதுக்கக் கூடாது என்றதும் அதே தீர்ப்புதான்.

குடும்பத்துக்கும் ஒரு சொல் இருக்கட்டுமே என்கிறாய். இருந்ததே! ஸ்கேனில் பெண் என்று தெரிந்ததும் கலைக்கக் கூட்டி வந்தது குடும்பம்தானே? 1994இல் அதற்கென்று தனிச் சட்டமே போட வேண்டியதாயிற்று.

அதற்காக, கேட்டவுடன் கலைத்துவிடலாம் என்றும் சட்டம் சொல்லவில்லை. 20 வாரம் வரை ஒரு டாக்டர், விதியில் சொன்ன சில வகைப் பெண்களுக்கு மட்டும் 24 வரை இரண்டு டாக்டர் ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்கு மேல் போனால் உயிருக்கு ஆபத்து, இல்லை கருவில் பெரிய குறைபாடு இருக்க வேண்டும். உடம்பு தாங்குமா என்று டாக்டர் பார்ப்பது சரி. வேண்டுமா வேண்டாமா என்பதில் அவருக்கு என்ன வேலை என்பது என் கட்சி.

2023 அக்டோபரில் ஒரு வழக்கு வந்ததே, அதில் மட்டும் என் மனம் ஒரு பக்கம் நிற்கவில்லை. இரண்டு குழந்தைகளின் தாய். பால் கொடுத்துக்கொண்டிருந்ததால் மாதவிலக்கு வரவில்லை, கர்ப்பம் தெரியவே இல்லை. நீதிமன்றத்துக்கு வந்தபோது 26 வாரம் ஆகியிருந்தது. பிரசவத்துக்குப் பிந்தைய மனநோய்க்கு மருந்து வேறு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். முதலில் அனுமதித்தார்கள். குழந்தை பிழைக்க வாய்ப்பிருக்கிறது என்று மருத்துவர் எழுதியதும் நீதிபதிகள் இருவரும் ஆளுக்கொரு பக்கம் போனார்கள். கடைசியில் மூன்று நீதிபதிகள் மறுத்துவிட்டார்கள். அவ்வளவு வளர்ந்த சிசுவை நான் கையில் ஏந்தியிருக்கிறேன், அதனால் அவர்கள் தயங்கியது புரிகிறது. ஆனாலும் பெற்றவள் அவள்தானே.

புருஷன் வாயே திறக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. வீட்டில் உட்கார்ந்து பேசு, அழு, கெஞ்சு. கையெழுத்து மட்டும் கேட்காதே.

அப்புறம், அன்றைக்கு ஸ்பீக்கரில் போட்டு அரைமணி நேரம் நீயே பேசினாய், மருமகள் குரல் கேட்கவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை போனை அவளிடம் கொடு.

அன்புடன்,
அம்மா