பி.டி. பீரியடை ஏன் விட்டுக்குடுக்க முடியாது: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்பான பெற்றோர் எல்லாருக்கும் வணக்கம்.

காலாண்டு ரிப்போர்ட் கார்டு குடுத்த அன்னைக்கு 9ஆம், 10ஆம் வகுப்பு அப்பா அம்மா நிறைய பேர் என் ரூமுக்கு வந்து ஒரே கோரிக்கையைத்தான் வச்சீங்க, பி.டி. பீரியடை எடுத்துட்டு மேத்ஸுக்கு குடுத்துடுங்க மேடம், பப்ளிக் எக்ஸாம் வருதுல்லன்னு. யோசிச்சு சொல்றேன்னு சொல்லியிருந்தேன். யோசிச்சுட்டேன், குடுக்க முடியாது. வெறும் முடியாதுன்னு சொல்லிட்டு விட்டா அது உங்களுக்கு மரியாதையா இருக்காது, அதனால காரணத்தை கொஞ்சம் விரிவாவே எழுதறேன், ராத்திரி வேலையெல்லாம் முடிச்சுட்டு உக்காரும்போது நிதானமா படிங்க.

நான் இருபது வருஷத்துக்கு மேல விலங்கியல் எடுத்தவ. ஹார்மோன் சுரக்கற நாளமில்லா சுரப்பி பாடம் வந்தா போர்டுல மனுஷ உருவம் வரைஞ்சு பிட்யூட்டரி, தைராய்டு, கணையம், அட்ரீனல்னு வரிசையா அம்புக்குறி போடுவேன். அந்த படத்துல தசைக்கு ஒரு நாளும் அம்புக்குறி போட்டதில்லை. தசைன்னா எலும்பை இழுக்கற கயிறு, அவ்ளோதான்னு நானும் நம்பினேன், பிள்ளைங்களுக்கும் அதையேதான் சொல்லிக்குடுத்தேன். அது தப்பு. பெரியவங்க உடம்பு எடையில சுமார் 40 சதவீதம் தசைதான், அவ்ளோ பெரிய உறுப்பு வேலை செய்யும்போது ரத்தத்துக்குள்ள ஹார்மோன் மாதிரி பொருள்களை விட்டுக்கிட்டே இருக்கு, அது கல்லீரலுக்கு போகுது, கொழுப்புக்கு போகுது, கணையத்துக்கு, எலும்புக்கு, மூளைக்குன்னு சேதி போய்க்கிட்டே இருக்கு. இந்த பொருள்களுக்கு மயோகைன்னு பேர். டென்மார்க்ல கோபன்ஹேகன்ல இருக்கற பென்ட்டே கிளார்லுண்ட் பெடர்சன்ங்கற டாக்டரம்மாவும் அவங்க கூட வேலை செஞ்சவங்களும் 2003ல வச்ச பேரு அது, கிரேக்க மொழியில மயோன்னா தசை, மிச்சம் அசைவுங்கற அர்த்தம்.

அவங்க அதை எப்படி கண்டுபுடிச்சாங்கன்னு நான் பிளஸ் ஒன் பிள்ளைங்களுக்கு சொன்னப்போ கிளாஸே அமைதியாயிடுச்சு. ரொம்ப தூரம் ஓடினவங்க ரத்தத்துல இன்டர்லூகின்-6ன்னு ஒரு பொருள் ஏகத்துக்கும் ஏறுதுன்னு முன்னாடியே தெரியும், மாரத்தான் மாதிரி ஓட்டத்துல நூறு மடங்கு வரைக்கும் கூட. தசையில அடிபட்டு வீக்கம் வந்ததால நோய் எதிர்ப்பு செல்லுங்க விடுதுன்னுதான் நினைச்சுக்கிட்டு இருந்தாங்க. 2000ல அந்த கோபன்ஹேகன் குழு ஆறு ஆம்பளைங்களை உக்காரவச்சு, ஒரு காலை மட்டும் அஞ்சு மணி நேரம் விடாம உதைக்க சொல்லியிருக்காங்க, இன்னொரு கால் சும்மா இருக்கு. தொடைக்குள்ள போற ரத்தத்துலயும் தொடையில இருந்து வெளிய வர்ற ரத்தத்துலயும் அளந்து பார்த்தா, உழைச்ச கால்ல இருந்து இன்டர்லூகின்-6 வெளிய வந்துக்கிட்டே இருக்கு, ஓய்வுல இருந்த கால்ல இருந்து வரலை. ஒரே ஆள், ஒரே உடம்பு, ஒரே ரத்தம், ஒரு கால் பேசுது, இன்னொரு கால் பேசலை. இதைவிட தெளிவான சாட்சி எனக்கு வேணாம்.

அது எதுக்கு வெளிய வருது? தசைக்குள்ள கிளைக்கோஜன்னு சர்க்கரையை சேர்த்து வச்சிருக்கும், வீட்டுல அரிசி டின் மாதிரி வச்சுக்கங்க. ஓட ஓட அது குறையுது. அரிசி தீரப்போகுதுன்னா நாம அண்ணாச்சி கடைக்கு சீட்டு எழுதி பையனை அனுப்புவோம்ல, அந்த சீட்டுதான் இந்த இன்டர்லூகின்-6. கல்லீரலுக்கு போய் கொஞ்சம் சர்க்கரை விடுன்னு சொல்லும், கொழுப்புக்கு போய் நீயும் கொஞ்சம் கரைஞ்சு வான்னு சொல்லும். டின் எவ்ளோ காலியோ சீட்டும் அவ்ளோ அவசரமா போகும், அதனாலதான் எவ்ளோ நேரம் ஓடறோம், எவ்ளோ பெரிய தசையை வேலை வாங்கறோம்ங்கறதை பொறுத்து இது கூடுது. விரலை மட்டும் ஆட்டிக்கிட்டு இருந்தா ஒண்ணும் வராது (போன்ல ஓடற விளையாட்டு எல்லாம் இதுல சேராதுன்னு பிள்ளைங்க கிட்ட சொல்லிட்டேன்), காலும் இடுப்பும் சேர்ந்து உழைக்கணும், வேலை நின்ன கொஞ்ச மணி நேரத்துல அளவு பழையபடி இறங்கிடும்.

டாக்டர் வீட்டு பெற்றோர் ஒருத்தர், இன்டர்லூகின்-6 வீக்கத்தை உண்டாக்கற கெட்ட பொருள் ஆச்சேன்னு கேட்டார். நியாயமான கேள்வி. தொப்பை இருக்கறவங்களுக்கும் நாள்பட்ட நோய் இருக்கறவங்களுக்கும் இது கொஞ்சமா எந்நேரமும் ரத்தத்துல இருந்துக்கிட்டே இருக்கும், அது நல்லதில்லை. ஓடும்போது வர்றது மளமளன்னு ஏறி மளமளன்னு இறங்கிடும், போற வழியில வீக்கத்தை அடக்கற இன்டர்லூகின்-10 மாதிரி பொருள்களை எழுப்பி விட்டுட்டு போகும். ஒரே பொருள்தான், எங்க இருந்து வருது, எவ்ளோ நேரம் நிக்குதுங்கறதுல இருக்கு விஷயம். 2019ல வந்த ஒரு ஆராய்ச்சியில தொப்பை உள்ளவங்களை 12 வாரம் சைக்கிள் மிதிக்க வச்சாங்க, வயித்துக்குள்ள உறுப்புகளை சுத்தி இருக்கற கொழுப்பு குறைஞ்சது. அதே 12 வாரம் மிதிச்ச இன்னொரு குழுவுக்கு மூட்டுவாதத்துக்கு போடற ஒரு மருந்தால இன்டர்லூகின்-6 சேதியை மட்டும் அடைச்சு வச்சாங்க, அவங்களுக்கு அந்த கொழுப்பு குறையலை. மிதிச்சது ரெண்டு குழுவும்தான், ஆனா சேதி போகாத இடத்துல அந்த பலன் வரலை.

இது ஓட்டம், சைக்கிள், கபடி மாதிரி மூச்சு வாங்கற பயிற்சியோட கதை. தண்டால், பஸ்கி, கயிறு ஏறுறது, கர்லா கட்டை மாதிரி பலத்துக்கான பயிற்சிக்கு வேற கதை இருக்கு. தசை தானே தனக்கு பிரேக் போட்டுக்கற ஒரு பொருளை சுரக்குது, மயோஸ்டாட்டின்னு பேர், ரொம்ப வளராதேன்னு சொல்றது அதோட வேலை. 1997ல அமெரிக்காவுல ஜான்ஸ் ஹாப்கின்ஸ்ல சே-ஜின் லீயும் அலெக்ஸாண்ட்ரா மெக்ஃபெரானும் இந்த ஜீன் இல்லாத எலியை உருவாக்கினப்போ அது தசை தசையா வளர்ந்து நின்னுச்சு. பெல்ஜியன் புளூன்னு ஒரு மாட்டு இனம் இருக்கு, பார்த்தீங்கன்னா பின்தொடை உருண்டு திரண்டு மாடா இல்ல மல்லனான்னு இருக்கும், அதுக்கும் இந்த ஜீன்ல பிறவியிலேயே பழுது. நமக்கு பழுதெல்லாம் வேணாம், தொடர்ந்து பலப்பயிற்சி செஞ்சாலே இந்த பிரேக் கொஞ்சம் தளருது, அதோட டெக்கோரின்ங்கற இன்னொரு பொருள் தசையில இருந்து வந்து மயோஸ்டாட்டினை புடிச்சு கட்டிப்போடுது. ஐரிசின்னு ஒண்ணையும் சிலர் கேள்விப்பட்டிருப்பீங்க, 2012ல ஹார்வர்டுல புரூஸ் ஸ்பீகல்மேன் குழு கண்டுபுடிச்சு சேதி சொல்ற கிரேக்க தேவதை பேரை வச்சாங்க, அதை அளக்கறதுலயே பெரிய சண்டை நடந்தது, மனுஷ ரத்தத்துல அது இருக்குன்னு 2015ல இன்னும் துல்லியமான முறையில காட்டினாங்க, ஆனா எந்த பயிற்சி அதை எவ்ளோ ஏத்துதுங்கறதுல இன்னும் ஒரே பேச்சு இல்லை, அதனால அதை வச்சு நான் உங்க கிட்ட வாக்கு குடுக்க மாட்டேன்.

ஓட்டம் மட்டும் போதும்னோ வெயிட் மட்டும் போதும்னோ சொல்றவங்களை நம்பாதீங்க, ரெண்டும் அனுப்பற சேதி வேற வேற. உலக சுகாதார நிறுவனம் 2020ல சொன்னதும் இதுதான், 5 வயசுல இருந்து 17 வயசு வரைக்கும் தினமும் சராசரியா 60 நிமிஷம் மூச்சு வாங்க ஆடணும், அதுக்குள்ள வாரத்துல 3 நாளாவது தசைக்கும் எலும்புக்கும் பலம் குடுக்கற பயிற்சி இருக்கணும். நம்ம ஸ்கூல்ல வாரத்துக்கு ரெண்டே ரெண்டு பி.டி. பீரியட். அந்த ரெண்டையும்தான் நீங்க கேக்கறீங்க.

இன்னொண்ணும் சொல்லணும். 2023ல வந்த ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) கணக்குப்படி நம்ம நாட்டுல 10 கோடிக்கு மேல பேருக்கு சுகர். உங்க வீட்டுலயும் தாத்தாவோ அம்மாவோ மாத்திரை போட்டுக்கிட்டு இருப்பாங்க, என் வீட்டுலயும் உண்டு. தசை சுருங்கும்போது இன்சுலின் உதவியே இல்லாம ரத்தத்துல இருக்கற சர்க்கரையை உள்ள இழுத்துக்கும். அந்த தசையை பதினாலு வயசுல வளர்த்துக்காம நாப்பது வயசுல தேடிப்போனா வேலை ரெட்டிப்பு ஆயிடும்.

பொம்பளப் பிள்ளைங்க அம்மாக்களுக்கு தனியா ஒரு வார்த்தை. இந்த டேர்ம்ல மட்டும் பி.டி. வேணாம்னு எத்தனை லெட்டர் வந்துச்சு தெரியுமா, வெயில்ல கருத்துடுவா, கை தடிச்சுடும், வயசுக்கு வந்துட்டா இனிமே எதுக்குன்னு. கை தடிக்காதும்மா, பசங்க மாதிரி தசை பருக்க டெஸ்டோஸ்டீரோன்ங்கற ஆண் ஹார்மோன் நிறைய வேணும், அது பொண்ணுங்க உடம்புல கொஞ்சம்தான். வரப்போறது பலம், அதுலயும் சின்ன வயசுல கூடற பலம் பெரும்பாலும் நரம்பு தசையை நல்லா ஏவ கத்துக்கறதால வர்றது. எலும்பு கெட்டியாகற வயசும் இதுதான், குதிக்காம விட்டா பின்னாடி மாத்திரையால அதை ஈடுகட்ட முடியாது. மாசத்துல வலி இருக்கற நாள்ல உக்காரட்டும், யாரும் காரணம் கேக்க மாட்டாங்க, டீச்சர் கிட்ட ஒரு வார்த்தை சொன்னா போதும். மத்த நாள்ல அனுப்புங்க. போன வாரம் 8ஆம் வகுப்புல ஒரு பொண்ணு பத்து பஸ்கி போட்டு முடிச்சதும் தொடையில கை வச்சுப்பார்க்க சொன்னேன், மேடம் சூடா இருக்கு, உள்ள ஏதோ துடிக்குதுன்னு கண்ணை அகலமா விரிச்சு சொன்னா. அவ உடம்பு பேசறதை அவளே முதல் தடவையா கேட்டா. அந்த முகத்தை நீங்க பார்த்திருக்கணும்.

பலப்பயிற்சி பண்ணா உயரம் நின்னுடும்ங்கற பயமும் வேணாம், சொல்லிக்குடுக்கறவர் பக்கத்துல நின்னு சரியா செய்ய வச்சா அப்படி ஆகாது. உயரத்தை நிறுத்தறது வேற ஒண்ணு, அதை கவலையோட சொல்றேன். பிளஸ் ஒன் பசங்க சிலர் சாயங்காலம் ஜிம்முக்கு போறாங்க, அங்க பவுடர், அப்புறம் மாத்திரை, அப்புறம் ஊசின்னு ஆசை காட்டறாங்க. வெளிய இருந்து ஏத்தற ஆண் ஹார்மோன் வளர்ற பையனோட எலும்பு முனையில வளர்ச்சி நடக்கற இடத்தை சீக்கிரமே மூடிடும், உடம்பு தானா சுரக்கறதையும் அடக்கிடும். பையன் பையை ஒரு தடவை பாருங்க. திட்டாதீங்க, உக்காரவச்சு பேசுங்க, முடியலைன்னா என்கிட்ட அனுப்புங்க.

ஸ்கூல் பக்கமும் ஒரு தப்பு இருந்துச்சு. ஹோம்வொர்க் முடிக்கலைன்னா தோப்புக்கரணம், லேட்டா வந்தா கிரவுண்டை சுத்தி ரெண்டு ரவுண்டுன்னு நாங்களே பயிற்சியை தண்டனையா மாத்தி வச்சிருந்தோம், உடம்பை அசைக்கறதுன்னாலே அவமானம்னு பிள்ளை மனசுல பதிஞ்சா அது வளர்ந்த பிறகு எப்படி நடக்கும், எப்படி ஓடும். அதை இன்னையில இருந்து முழுசா நிறுத்திட்டேன், எல்லா டீச்சருக்கும் சொல்லிட்டேன். தோப்புக்கரணம் இனிமே பி.டி. சார் சொல்லிக்குடுக்கற பயிற்சி மட்டும்தான்.

வர்ற திங்கள்ல இருந்து காலை பிரேயருக்கு முன்னாடி 20 நிமிஷம், திங்கள் புதன் வெள்ளி பஸ்கி, தண்டால், கயிறு, செவ்வாய் வியாழன் ஓட்டமும் கபடியும், 10ஆம் வகுப்பும் சேர்த்துதான். மேத்ஸுக்கு நேரம் வேணும்னு நீங்க கேட்டதுலயும் நியாயம் இருக்கு, அதுக்கு மேத்ஸ் டீச்சர் சாயங்காலம் 4.15ல இருந்து 5 மணி வரைக்கும் உக்கார ஒத்துக்கிட்டாங்க. ஆஸ்துமா, இதயத்துல பிரச்சனை, வலிப்பு, சமீபத்துல ஆபரேஷன், இப்படி எதாவது இருந்தா வெள்ளிக்கிழமைக்குள்ள கிளாஸ் டீச்சர் கிட்ட எழுதி குடுங்க, அந்த பிள்ளைக்கு என்ன முடியும்னு டாக்டர் சொல்றதை வச்சு தனியா பார்த்துக்கறோம். காலையில வெறும் வயித்தோட அனுப்பாதீங்க, ஒரு வாழைப்பழமோ ரெண்டு இட்லியோ போதும், சுண்டலும் முட்டையும் கட்டிக்குடுத்தா சந்தோஷம், பவுடர் தேவையே இல்லை. முதல் வாரம் கால் வலிக்குதுன்னு அழுவாங்க, ரெண்டாவது வாரம் பழகிடும். ஷூ இல்லாத பிள்ளைங்க வெறுங்காலோட வரட்டும், கிரவுண்டுல கல்லு பொறுக்க சொல்லியிருக்கேன், சனிக்கிழமை காலையில 7 மணிக்கு நானும் பி.டி. சாரும் அதுக்காக அங்கதான் இருப்போம், முடிஞ்சவங்க வந்து ஒரு கை குடுங்க.

அன்புடன்,
தலைமையாசிரியர்