புதிய பேக்கேஜ் மேனேஜர் எழுதும் முன்

பெரம்பூர்

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி. மகள் பத்தாம் வகுப்புக்குப் போய்விட்டாள். வியாசர்பாடிப் பிள்ளைகளுக்கு நான் நடத்தும் ஞாயிற்றுக்கிழமை பைத்தான் நிரல்மொழி வகுப்பும் தொடர்கிறது.

இனி உன் திட்டத்துக்கு வருகிறேன். பைத்தானுக்குப் புதிதாக ஒரு பேக்கேஜ் மேனேஜர், அதாவது பிறர் எழுதிய நிரல் தொகுப்புகளான பேக்கேஜ்களை எடுத்து நிறுவித்தரும் கருவி, அதற்கென்று தனிக் கோப்பு வடிவம், பேக்கேஜ்களைச் சேர்த்துவைக்கத் தனிக் களஞ்சியம் என்று எழுதியிருக்கிறாய். உன் கோபம் நியாயமானது. இரண்டு பேக்கேஜ்கள் ஒரே நிரல் நூலகத்தின் வெவ்வேறு பதிப்புகளைக் கேட்டு மல்லுக்கு நின்றால் என் வகுப்பில் பாதி நேரம் அதிலேயே கரைந்துவிடுகிறது. ஆனாலும் தனிக் களஞ்சியம் மட்டும் வேண்டாம், செல்வம்.

பைத்தானின் பொதுக் களஞ்சியமான பைபிஐ 2003 முதல் இருக்கிறது. உலகெங்கும் உள்ள நிரலாளர்கள் தங்கள் உழைப்பை அங்கேதான் கொண்டுவந்து வைக்கிறார்கள். பேக்கேஜ் மேனேஜரின் உயிர் அந்தக் குவியலில்தான் இருக்கிறது. நீ எவ்வளவு அழகாக எழுதினாலும், காலியான களஞ்சியத்துக்கு யார் வருவார்கள்?

ஜாவாஸ்கிரிப்ட் மொழிக்கான பேக்கேஜ் மேனேஜரான யார்னை நினைத்துப் பார். 2016 அக்டோபரில் பேஸ்புக் அதை வெளியிட்டபோது, அந்த மொழிக்கு ஏற்கெனவே இருந்த கருவியான என்பிஎம்மின் களஞ்சியத்திலிருந்துதான் அதுவும் பேக்கேஜ்களை எடுத்தது. புதிதாகத் தந்தவை வேகமும், நிறுவிய ஒவ்வொரு பதிப்பையும் துல்லியமாகக் குறித்துவைக்கும் லாக் கோப்பும். மறு ஆண்டே என்பிஎம் 5 தனக்கென ஒரு லாக் கோப்புடன் வந்தது. யார்னைத் தொடாதவர்களுக்கும் அதன் பலன் போய்ச் சேர்ந்தது. 2024இல் பைத்தானுக்கு வந்த பேக்கேஜ் மேனேஜரான யூவியும் இதே வழியில்தான் நடந்தது: ரஸ்ட் மொழியில் எழுதிய புதுக் கருவி, ஆனால் அதே பைபிஐ.

நம் ஐசிஎஃப் ரயில்பெட்டித் தொழிற்சாலையில் 2018இல் உருவான வந்தே பாரத் ரயில் புத்தம் புதிது. ஓடுவது மட்டும் பழைய 1676 மில்லிமீட்டர் அகலப்பாதையில். தண்டவாளத்தையும் புதிதாகப் போட்டால்தான் ஓடும் என்றிருந்தால் அது பெரம்பூரைத் தாண்டியிருக்குமா?

பழையதைச் செப்பனிடுவது எளிது என்று நான் சொல்லவில்லை. பைத்தானின் வழக்கமான பேக்கேஜ் மேனேஜரான பிப் பல ஆண்டுகளாக, ஒரு பேக்கேஜுக்கு முதலில் கண்ட நிபந்தனையை மட்டும் பார்த்துவிட்டு, பின்னால் வரும் முரண்களைக் கண்டுகொள்ளாமல் நிறுவிக்கொண்டிருந்தது. அதைச் சரிசெய்யும் புதிய பதிப்புத் தேர்வுமுறை 2020 நவம்பரில் பிப்பின் 20.3 பதிப்பில்தான் இயல்பான முறையாக வந்தது. அந்த வேலைக்கு மோசில்லாவும் சான் சக்கர்பெர்க் அமைப்பும் நிதி கொடுக்க வேண்டியிருந்தது. ஒரு வரியை மாற்றினாலும் எங்கோ ஒருவருடைய நிரல் நின்றுபோகும் இடம் அது. அங்கே பொறுமையாக உட்கார்ந்து வேலை செய்தவர்கள்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

உன் திட்டத்தில் என்னை உண்மையில் உலுக்கியது வேறொன்று: பதிப்புகள் மோதும்போது, எது எதனோடு ஏன் மோதுகிறது என்று தமிழிலேயே விளக்கிச் சொல்லும் பகுதி. டார்ட் மொழிக்காக 2018இல் வந்த பப்கிரப் என்ற பதிப்புத் தேர்வுமுறை, மோதலின் காரணத்தைப் படிப்படியாகச் சொல்லக்கூடியது. யூவியும் அதைத்தான் பயன்படுத்துகிறது. அதன்மேல் உன் தமிழ் விளக்கத்தைக் கட்டலாம். வகுப்பில் பிள்ளைகள் சிவப்பு எழுத்தில் வரும் பிழைச் செய்திகளைப் பார்த்ததும் கையை எடுத்துவிடுகிறார்கள். அவர்களுக்கு இது பெரிய உதவி.

அந்தப் பகுதியை மட்டும் முதலில் எழுதி அனுப்பு. அடுத்த வகுப்பிலேயே அவர்களிடம் கொடுத்துப் பார்த்து, எங்கெல்லாம் திணறினார்கள் என்று உனக்கு விரிவாக எழுதுகிறேன்.

அன்புடன்,
குமரன்