பில்லில் ஒரு வரி எழுதுங்கள்: கம்ப்யூட்டர் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து தரும் கடைக்காரர்களுக்கு வணக்கமுங்க.

ரெண்டு டிஸ்க்கை ஒன்றாகச் சேர்த்து, ஒவ்வொரு ஃபைலையும் துண்டு துண்டாக ரெண்டிலும் மாற்றி மாற்றி எழுதுவதுதான் ரெய்டு 0 என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எனக்குத்தான் யாரும் சொல்லவில்லை.

காங்கயம் பக்கத்தில் இருந்த எங்கள் அம்மாயி கும்மிப்பாட்டில் கெட்டிக்காரி. நாலு வருடம் நோம்பிக்கு நோம்பி போய் அவர் பாடியதை வீடியோ எடுத்தேன். அதை வெட்டி ஒட்டும்போது கம்ப்யூட்டர் திணறியது. கடையில் இருந்த தம்பி, "இன்னொரு டிஸ்க் வாங்கி ரெண்டையும் சேர்த்துப் போட்டா டபுள் ஸ்பீடுங்ணா" என்றார். இருந்ததை எடுத்து வைத்து, பழைய டிஸ்க்கை அழித்து, புதியதோடு சேர்த்து, எல்லாவற்றையும் திரும்ப ஏற்றிக் கொடுத்தார். பெரிய ஃபைல்கள் வேகமாகத்தான் திறந்தன. மறுக்கவில்லை.

தை மாதம் அம்மாயி தவறிவிட்டார். பங்குனியில் ஒரு டிஸ்க் டிக் டிக்கென்று அடித்துக்கொண்டு நின்றுபோனது.

மற்ற டிஸ்க் இப்போது என் மேசைமேல் இருக்கிறது. அதில் ஒரு கோளாறும் இல்லை. ஆனால் 20 ஜிபி வீடியோ ஒன்றை 64 கேபி துண்டுகளாக நறுக்கினால் 3 லட்சத்துக்கு மேல் வரும். அதில் ஒன்று விட்டு ஒன்று செத்த டிஸ்க்கில் கிடக்கிறது. அதன் தட்டில் கீறல் விழுந்துவிட்டது, மீட்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அம்மாயியின் குரலில் பாதி என் கையில் இருந்தும் ஒரு அடி கேட்க வழியில்லை.

வேறு நகல் வைத்துக்கொள்ளாதது என் தப்புதான். ஆனால் ரெண்டில் எது போனாலும் மொத்தமும் போய்விடும் என்று அன்றைக்கே சொல்லியிருந்தால் வைத்திருப்பேனே! சேர்ப்பதற்கு முன்னால் சொல்லுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

1988இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் ரெய்டு பற்றி எழுதிய கட்டுரையில் ரெய்டு 1 முதல் 5 வரையான வகைகள்தான் இருந்தன. ரெய்டு என்ற சுருக்கப் பெயரின் முதல் எழுத்து 'ரிடண்டன்ட்', அதாவது ஒரு டிஸ்க் போனாலும் தரவு நிற்க வேண்டும் என்பதுதான் அந்தப் பெயருக்கே அர்த்தம். பிறகு வந்த இந்த 0க்கு அந்தக் காப்பு கிடையாது. வேகமாவது முழுசாக வருகிறதா? நிமிடத்துக்கு 7200 தடவை சுற்றும் டிஸ்க் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிசெகண்ட் எடுக்கும். எத்தனை டிஸ்க் சேர்த்தாலும் அந்தச் சுற்று குறையாது. விண்டோஸ் திறப்பது போல சிறுசிறு ஃபைல்களைத் தேடும் வேலைக்கு, சுற்றும் தட்டே இல்லாத எஸ்எஸ்டி ஒன்று போதும். பழைய டிஸ்க்கும் நகலுக்கு மிஞ்சியிருக்கும்.

நம்ம ஊரில் பம்புசெட் மோட்டார் வாங்கப் போனால் எத்தனை ஹெச்பி, காயில் காப்பரா அலுமினியமா என்று கடைக்காரரே சொல்லித்தான் விற்கிறார். என் வீட்டுக் கம்ப்யூட்டருக்குக் கிடைத்தது ஒரு துண்டுச்சீட்டு. அதில் "1 டிபி, 1" என்று மட்டும் இருந்தது. பணம் கொடுக்கிறவருக்கு எதை வாங்குகிறோம் என்று தெரிய வேண்டாமா? கேட்கத் தெரியாதவர்களிடம்தான் நீங்கள் அதிகம் பேச வேண்டும்.

கோபத்தில் ஏதாவது கூடுதலாகச் சொல்லியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ரெய்டு 0 போடும்போது வாயால் சொல்லி, பில்லிலும் எழுதிக் கொடுங்கள்: "ஒரு டிஸ்க் பழுதானால் எல்லாம் போகும். தனி நகல் வைத்துக்கொள்ளவும்." தயவுசெய்து இதை மட்டும் செய்யுங்கள்.

இப்படிக்கு,
காங்கயத்து அம்மாயியின் பேரன்,
திருப்பூர்