இங்கே எதுவும் நடப்பதில்லையாம்!

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில் சென்னையின் சின்னச் சின்ன குடியிருப்புப் பகுதிகளைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். எழுதியவர் ரசித்துத்தான் எழுதியிருக்கிறார். வாசல் கோலம், காபி வாசனை, திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படிக்கும் ரிட்டயர்டு மாமா என்று ஒன்றும் பாக்கியில்லை. நங்கநல்லூரில் இன்னும் திண்ணை வைத்த வீடு எந்தத் தெருவில் இருக்கிறது என்று அவர் சொன்னால் நானும் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வருவேன். அதுகூடப் பரவாயில்லை. நடுவில் எங்கள் பகுதியின் பெயரைச் சொல்லி, இங்கெல்லாம் எதுவும் நடப்பதில்லை, அதுதான் இந்த இடங்களின் அழகு என்று ஒரு வரி எழுதியிருந்தார். படித்ததிலிருந்து அது என்னை விடமாட்டேன் என்கிறது.

எதுவும் நடப்பதில்லையா? எங்கள் தெருவில் இந்த நிமிஷம் இரண்டு வீடுகளை இடித்துக்கொண்டிருக்கிறார்கள். மூன்றாவது வீட்டுக்காரர் பில்டரிடம் பேச்சுவார்த்தையில் இருக்கிறார். இவற்றுக்கு முன்பே போனது என் பக்கத்து வீடு. அரை கிரவுண்டில் ஒரு கிணறு, இரண்டு தென்னை, ஒரு மாமரத்தோடு இருந்த வீடு. கிணற்றை அந்த வீட்டின் செங்கல்லையே போட்டு மூடினார்கள். போர் போடும் லாரி ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் வரும். விடிந்து பார்த்தால் சாம்பல் நிறச் சேறு தெரு முழுக்க ஓடி, மழைநீர் வடிகாலில் போய் இறுகிக் கிடக்கும். வடிகால் ஏன் அடைத்துக்கொள்கிறது என்று மழைக்காலத்தில் எல்லோரும் ஆராய்ச்சி செய்வார்கள். என் காம்பவுண்டு சுவரில் விரிசல் விட்டது. "முடிச்சதும் பூசிக் கொடுத்துடறேன் சார்" என்றார் பில்டர். கட்டடம் முடிந்து கிரகப்பிரவேசமும் ஆகிவிட்டது. இப்போது போனை எடுப்பதில்லை.

பழைய வீடுகளை ஏன் இப்படிக் கொடுத்துவிடுகிறார்கள் என்று உங்கள் கட்டுரையாளர் கேட்டிருக்கலாம். பிள்ளைகள் வெளிநாட்டில், வயதானவர்களுக்குப் பராமரிக்க முடியவில்லை, பணத்தாசை என்று ஊரில் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். எங்கள் பக்கம் பெரிய காரணம் ரோடு. நான் வீடு கட்டியபோது தெருவிலிருந்து மூன்று படி ஏறித்தான் வராந்தாவுக்கு வர வேண்டும். இன்று கேட்டைத் திறந்தால் ஒரு படி இறங்க வேண்டியிருக்கிறது. பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டு, அதே மட்டத்தில்தான் புது ரோடு போட வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியாததில்லை. உங்கள் பத்திரிகையிலேயே பல தடவை வந்த விஷயம். ஆனால் எங்கள் உள் தெருவுக்கு அந்த மெஷின் வராதாம். "அதெல்லாம் பெரிய ரோட்டுக்குத்தான் சார்" என்று வேலையை மேற்பார்வை பார்க்க வந்தவர் ரொம்ப மரியாதையாகச் சொன்னார். மரியாதைக்கு ஒரு குறைச்சலும் இல்லை. தாருக்கு மேல் தார் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

2015 டிசம்பரில் என்ன ஆனது என்று நான் சொல்லத் தேவையில்லை. ஹாலில் முழங்கால் அளவு தண்ணீர். பிரிட்ஜ் மிதந்தது. கல்யாண ஆல்பம் போயிற்று. அதற்குப் பிறகு பணம் இருந்தவர்கள் ஜாக்கி வைத்து வீட்டையே தூக்கி நிறுத்தினார்கள். அதற்கு வக்கில்லாதவர்கள் பில்டரைக் கூப்பிட்டார்கள். ஆக, ரோடு போடுகிறவர் எங்களைப் பள்ளத்தில் தள்ளுகிறார், பில்டர் வந்து கை கொடுத்துத் தூக்கிவிடுகிறார். இந்த ஏற்பாட்டின் அழகைப் பற்றியும் ஒரு ஞாயிறு இணைப்பு போடலாமே.

நாங்கள் குறை சொல்ல மட்டுமே பிறந்தவர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். இது ஆலந்தூர் நகராட்சியாக இருந்தபோது பாதாளச் சாக்கடை வேண்டுமென்று வீட்டுக்கு 5,000 ரூபாய் முன்கூட்டியே கட்டியவர்கள் நாங்கள். 1990களின் கடைசியில், பென்ஷனில் ஓடுகிற வீட்டுக்கு 5,000 என்பது லேசான தொகையில்லை. குழாய் பதிக்கும் முன்பே கட்டினோம். தெருத்தெருவாக ஆட்டோவில் மைக் வைத்து அறிவித்தார்கள், வீடு வீடாக வந்து பேசினார்கள், நம்பிக் கொடுத்தோம், சாக்கடையும் வந்தது. இந்தியாவில் மற்ற நகராட்சிகளெல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போன திட்டம் அது. அந்த நகராட்சியை 2011-ல் சென்னை மாநகராட்சியோடு சேர்த்தார்கள். சரி, பெரிய இடத்துச் சம்பந்தம் என்று சந்தோஷப்பட்டோம். 2016 அக்டோபரில் கவுன்சிலர்களின் காலம் முடிந்தது. அப்புறம் 2022 பிப்ரவரி வரைக்கும் தேர்தலே கிடையாது. ஐந்து வருஷத்துக்கு மேல், தெருவிளக்கு எரியவில்லை என்று சொல்லக்கூட கவுன்சிலர் என்று ஒருவர் இல்லை. எதுவும் நடப்பதில்லை என்று அப்போது எழுதியிருந்தால் நானே கைதட்டியிருப்பேன்.

மெட்ரோ வந்துவிட்டதே என்று கட்டுரையில் ஒரு பெருமை வேறு. 2016-ல் வந்தது உண்மை. நங்கநல்லூர் ரோடு என்று ஸ்டேஷனுக்கு எங்கள் பெயரை வைத்ததும் உண்மை. ஆனால் அது இருப்பது ஜி.எஸ்.டி. ரோட்டில், ரயில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம். நாங்கள் இந்தப் பக்கம். ஒரு நல்ல மழை பெய்தால் பழவந்தாங்கல் சுரங்கப்பாதையில் தண்ணீர், தில்லை கங்கா நகர் சுரங்கப்பாதையில் தண்ணீர். எங்கள் பெயர் வைத்த ஸ்டேஷனை நாங்கள் மாடியில் நின்று பார்த்துக்கொள்ளலாம்.

32 அடி ஆஞ்சநேயரைப் பற்றி எழுதியிருந்ததில் எனக்கு மகிழ்ச்சியே. கும்பாபிஷேகம் நடந்த 1995-லிருந்து அவரைச் சேவித்து வருகிறேன். அவர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. சனிக்கிழமை என் கேட்டை அடைத்துக் காரை நிறுத்திவிட்டு, போன் நம்பரும் எழுதி வைக்காமல் வடைமாலை சாத்தப் போகிறவர்கள் மேல்தான். ஒரு சனிக்கிழமை என் மனைவிக்கு நெஞ்சு வலி. வந்த ஆட்டோ வீட்டு வாசலுக்கு வர முடியாமல் தெருமுனையிலேயே நின்றுவிட்டது. அவளைக் கைத்தாங்கலாக நடத்திக் கூட்டிப் போனோம். வாயுத் தொல்லைதான் என்று டாக்டர் சொன்னார், பிழைத்தோம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 2023 ஏப்ரலில், இங்கிருந்து நடந்து போகிற தூரத்தில், மூவரசம்பட்டுக் குளத்தில் தீர்த்தவாரியின்போது ஐந்து இளைஞர்கள் மூழ்கி இறந்தார்கள். சாமிக்குத் தொண்டு செய்யப் போன பிள்ளைகள். அன்றைக்கு எல்லாப் பத்திரிகைக்காரர்களும் இங்கேதான் இருந்தார்கள். உங்கள் நிருபரும் வந்திருப்பார். அப்படி இருக்க, எதுவும் நடப்பதில்லை என்று எழுத எப்படி மனசு வருகிறது? அவசரத்தில் எழுதிய வரியாக இருக்கலாம். அச்சுக்குப் போகும் முன் படித்துப் பார்க்க ஆசிரியர் குழு என்று ஒன்று இருக்கிறது அல்லவா?

இதற்கு முன்பும் ரோடு உயரத்தைப் பற்றி உங்களுக்கு இரண்டு பக்கம் எழுதினேன். பிரசுரித்தீர்கள், நன்றி. நாலு வரியாகச் சுருக்கி, 'மரங்களைக் காப்போம்' என்று தலைப்புக் கொடுத்திருந்தீர்கள். அதில் மரத்தைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம் எழுதியிருந்தேன். இடம் போதாது என்பது புரிகிறது. அதே பக்கத்தில் 'அமைதியான சூழலில் கனவு இல்லம்' என்று அரைப் பக்கத்துக்கு விளம்பரம் வந்திருந்ததையும் பார்த்தேன்.

மறுப்பு வெளியிடுங்கள், வருத்தம் தெரிவியுங்கள் என்றெல்லாம் நான் கேட்கப் போவதில்லை. உங்கள் பத்திரிகையை நாற்பது வருஷமாக வாங்குகிற குடும்பம், இனி வேறு பத்திரிகைக்குப் போய்ப் பழகவும் முடியாது. எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். எங்கள் பகுதிக்குப் பேப்பர் போடும் பையன் பைக்கை நிறுத்தாமல் ரோட்டிலிருந்தே வீசுகிறான். ரோடு இருக்கிற உயரத்துக்கு அது காம்பவுண்டைத் தாண்டி, கேட்டுக்கு உள்ளே தேங்கிய தண்ணீரில் நேராக வந்து விழுகிறது. பாவம், அவன் மேல் தப்பில்லை. கேட்டில் மஞ்சள் பை ஒன்று மாட்டி வைத்திருக்கிறேன். மழைக்காலம் முடிகிற வரைக்கும் அதில் போட்டுவிட்டுப் போகும்படி உங்கள் ஏஜெண்டிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

இப்படிக்கு,
நங்கநல்லூர் வாசகர்,
சென்னை – 61