லெக்கரும் லேகியமும்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் போன வாரம் வந்தது. அம்மாவின் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் நிம்மதி. நான் நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகருக்கு வந்து இரண்டு குளிர்காலம் ஓடிவிட்டது. கடைத்தெருவில் சமாளிக்கும் அளவுக்கு டச்சு வருகிறது.

அதில் எனக்கு ரொம்பப் பிடித்துப்போன ஒரு சொல்லை உனக்குச் சொல்லியே ஆக வேண்டும். 'லெக்கர்'. ருசியானது என்று பொருள். வந்த புதிதில் மீன் கடையில் கற்றுக்கொண்டேன். அப்புறம் ஒருநாள் ராத்திரி, மாடிப்படியில் எதிரே வந்த பக்கத்து வீட்டுப் பாட்டி 'ஸ்லாப் லெக்கர்' என்றார். ஸ்லாப் என்றால் தூங்கு. ருசியாகத் தூங்குவது எப்படி என்று யோசித்துக்கொண்டே படுத்தேன். நன்றாகத் தூங்கு என்பதை இவர்கள் அப்படித்தான் சொல்வார்களாம். வெயில் அடித்தால் லெக்கர். காற்று முகத்தில் பட சைக்கிள் மிதித்தால் அதுவும் லெக்கர். உடம்பு சரியில்லையா? 'எனக்கு லெக்கராக இல்லை.' நாக்கில் பிறந்த சொல் உடம்பு முழுக்கப் பரவிவிட்டது.

நாக்கில் பிறந்தது என்பது நிஜம். நக்குவதைக் குறிக்கும் 'லிக்கன்' என்ற வினைக்கு நெருங்கிய சொந்தம் இது. ஜெர்மனிலும் ருசியானது லெக்கர்தான். 1652இல் தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதியில் குடியேறிய டச்சுக்காரர்களோடு கப்பலேறிப் போய், இன்று அங்கே ஆங்கிலம் பேசுகிறவர்கள் வாயிலும் புழங்குகிறது.

ஆனால் என்னை நாற்காலியிலிருந்து எழுப்பியது வேறு. லிக்கனின் வேரைப் பின்னோக்கித் தேடிப்போனால், அதன் உடன்பிறப்பு சமஸ்கிருதத்தில் நிற்கிறது: 'லிஹ்', நக்கு. அதிலிருந்து 'லேஹ்யம்', நக்கி உண்ண வேண்டியது. நம் லேகியம்! தீபாவளி அன்று விடியற்காலையில் உன் அம்மா நம் இருவர் உள்ளங்கையிலும் உருட்டி வைப்பாரே, காரமும் வெல்லமும் நெய்யுமாக, அதே லேகியம். அந்தப் பாட்டியின் வாழ்த்துக்கும் அந்த உருண்டைக்கும் ஒரே வேர் என்று தெரிந்த ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

அம்மாவுக்குக் கண் கட்டு அவிழ்த்ததும் இதைப் படித்துக் காட்டு. அப்படியே லேகியத்துக்கு என்னென்ன, எவ்வளவு என்று கேட்டு எழுது. சுக்கும் ஓமமும் இங்கே வாங்கிவிட்டேன். கண்டதிப்பிலி மட்டும் நீதான் அனுப்ப வேண்டும். இந்தத் தீபாவளிக்குப் பாட்டிக்கு ஒரு உருண்டை கொடுக்கப் போகிறேன்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்