அத்தைக்கு, அந்த நீலச் சேலையைப் பற்றி

இந்தக் கடிதத்தைப் போன மாதம் என் அத்தைக்குத் தபாலில் அனுப்பினேன். பேத்தியை விட்டு இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார். "என் பேரு மட்டும் வேணாம், போட்டுக்க. மத்ததை நேர்ல பேசிக்கலாம்" என்று சொன்ன பிறகுதான் இங்கே போடுகிறேன்.

அன்புள்ள அத்தைக்கு,

போனில் பேசினால் "அதை விடு, சாப்பிட்டியா?" என்று கேட்பீர்கள். நானும் சாப்பிட்டேன் என்பேன். பேச்சு அதோடு முடிந்துவிடும். அதனால் எழுதுகிறேன்.

தீபாவளிக்கு மறுநாள் காலையில் என் அறைக்குள் வந்து சுவரில் தொங்கிய சேலையைப் பார்த்தீர்கள். அப்பத்தாவின் வெள்ளைச் சேலை, அதில் நீல நிறத்தில் நம் வீட்டு ஆட்கள். ஒவ்வொரு முகமாகத் தடவிக்கொண்டே வந்தீர்கள். சின்ன அத்தை இருக்க வேண்டிய இடம் வந்ததும் கையை எடுத்துக்கொண்டீர்கள். "யாரு வெட்டுனான்னு தெரியாம நீ ஏன்டி தச்ச?" என்றீர்கள். மதியம் சாப்பிடாமலே வத்தலக்குண்டு பஸ் ஏறிவிட்டீர்கள். உங்களுக்காக எடுத்து வைத்த இலை சமையல்கட்டிலேயே கிடந்தது.

அன்றிலிருந்து அந்தக் கேள்விதான் மனதில் ஓடுகிறது. இந்த வேலையை நான் எப்படித் தொடங்கினேன், எங்கே தவறினேன் என்று முதலிலிருந்து சொல்கிறேன்.

தொடங்கி வைத்தது நீங்கள்தான் அத்தை. நம் பழைய வீட்டுக் கூடத்தில் தாத்தாவும் அப்பத்தாவும் சேர்ந்து உட்கார்ந்திருக்கும் பெரிய படம் உண்டே, அதற்குச் சின்ன வயதில் நான் தினமும் பூ வைத்திருக்கிறேன். அது ஒரே நாளில் எடுத்த படம் இல்லை என்று எனக்கு முதலில் சொன்னது நீங்கள். தாத்தா 1959-ல் போய்விட்டார். இருவரும் சேர்ந்து எடுத்த படம் ஒன்றுகூட இல்லை. மறுவருடம் அப்பத்தா உங்களைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு திண்டுக்கல் ஸ்டுடியோவுக்குப் போயிருக்கிறார். உங்களுக்கு அப்போது 14 வயது. வெள்ளைச் சேலையோடு, நெற்றியில் ஒன்றும் இல்லாமல் அப்பத்தா நாற்காலியில் உட்கார்ந்தார். தாத்தா எப்போதோ லைசென்ஸுக்காக எடுத்த சின்னப் படத்தை ஸ்டுடியோக்காரர் பெரிதாக்கி இந்தப் படத்தோடு ஒட்டி, ஒட்டு தெரியாமல் டச்சிங் செய்து, மறுபடி படமெடுத்து, மேலே வண்ணம் தீட்டினார். "என்ன கலர் சேலைம்மா போடட்டும்?" என்று அவர் கேட்டதற்கு அப்பத்தா "அரக்கு" என்று மட்டும் சொன்னதாகச் சொன்னீர்கள். பொட்டும் தாலியும் மல்லிகைச் சரமும் அந்த மனிதர் தன் தூரிகையால் கொடுத்தவை.

அதைச் சொல்லிவிட்டு நீங்கள் வெற்றிலை மடிக்கப் போய்விட்டீர்கள். எனக்கு அன்று இரவு தூக்கமே வரவில்லை. அடுத்த 36 வருடம் வெள்ளையைத் தவிர வேறு உடுத்தாத அப்பத்தா, கூடத்துச் சுவரில் மட்டும் அரக்குச் சேலையோடு இருந்திருக்கிறார்.

அப்புறம்தான் தெரிந்தது, தமிழ்நாட்டு ஸ்டுடியோக்களில் இது வழக்கமான வேலை என்று. தனித்தனியாக எடுத்தவர்களைச் சேர்த்து வைப்பார்கள். உயிரோடு இருக்கும்போது படமே எடுக்காதவர்களை இறந்த பிறகு நாற்காலியில் உட்கார வைத்து எடுத்து, மூடிய கண்களின் மேல் திறந்த கண்களை வரைவார்கள். உங்கள் அம்மாச்சியின் படத்தில் பார்வை எங்கேயும் நிலைக்காமல் இருப்பதைப் பார்த்து நாங்கள் பயப்படுவோம் இல்லையா? காரணம் இப்போது புரிகிறது. பயம் போய்விட்டது. அந்தக் கண்களை வரைந்தவர் எவ்வளவு கவனமாக வரைந்திருக்கிறார் என்றுதான் இப்போது தோன்றுகிறது.

அந்த ஸ்டுடியோவைத் தேடிப் போனேன். நெகட்டிவ் கிடைத்தால் தாத்தா படத்தைத் தனியாக எடுக்கலாம் என்று ஆசை. இப்போது அங்கே ஜெராக்ஸ் கடை. கண்ணாடி நெகட்டிவ் எல்லாம் எப்போதோ எடைக்குப் போய்விட்டதாம். பல ஊர்களில் இப்படித்தான் நடந்திருக்கிறது. படத்தில் இருக்கும் வெள்ளிக்காகவும் கண்ணாடிக்காகவும் கழுவி விற்றிருக்கிறார்கள். புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் திட்டம் ஒன்று தந்த நிதியோடு, தமிழ்நாட்டின் பழைய ஸ்டுடியோ படங்களைத் தேடித் தேடி ஸ்கேன் செய்து வைத்திருக்கிறது என்பது எனக்குப் பெரிய ஆறுதல். ஆனால் நம் தாத்தாவுக்கு உங்கள் டிரங்குப் பெட்டிதான் நூலகம்.

அந்தப் பெட்டியை இரண்டு வருடம் முன்னால் என்னிடம் கொடுத்தபோது "கிழிச்சுப் போட்றாத" என்றீர்கள். நான் எதையும் கிழிக்கவில்லை அத்தை. அசல் படம் ஒன்றின் மேலும் ஊசியோ பசையோ பட்டதில்லை. ஒவ்வொன்றையும் முன்பக்கம் பின்பக்கம் இரண்டையும் ஸ்கேன் செய்தேன். ஸ்டுடியோ முத்திரையும் மாமாவின் கையெழுத்தும் பின்பக்கத்தில்தானே இருக்கின்றன. கூடத்துப் படம் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்தது. ஈரம் பட்டால் படத்தின் மேலுள்ள ஜெலட்டின் இளகிக் கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளும். பிய்த்தால் முகம் கண்ணாடியோடு வந்துவிடும். அதனால் கண்ணாடியோடு அப்படியே படுக்க வைத்து, இரண்டு பக்கமும் சாய்வாக விளக்கு வைத்து, மேலிருந்து கேமராவில் எடுத்தேன். அந்தப் பசை ஆல்பத்தில் இருந்த படங்களைப் பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் நூலை அடியில் விட்டு மெதுவாக அறுத்து எடுத்தேன். அதற்கே மூன்று வாரம் ஆனது.

இதையெல்லாம் வைத்து ஏதாவது செய்ய வேண்டும் என்ற தைரியம் எனக்கு வந்தது விவான் சுந்தரம் என்ற ஓவியரால். ஓவியர் அம்ரிதா ஷெர்கில் அவருக்குப் பெரியம்மா முறை. அம்ரிதா லாகூரில் இறந்தது 1941-ல், இவர் பிறந்தது 1943-ல். பெரியம்மாவை அவர் பார்த்ததே இல்லை. அம்ரிதாவின் அப்பா, அதாவது விவானின் தாத்தா உம்ராவ் சிங் வாழ்நாள் முழுக்க மனைவியையும் மகள்களையும் தன்னையும் படமெடுத்துத் தள்ளியவர். அந்தப் படங்களைப் பேரன் 2001-ல் கம்ப்யூட்டரில் ஏற்றி, வெவ்வேறு வருடத்து ஆட்களை ஒரே அறையில் சேர்த்து வைத்துப் புதுப் படங்கள் செய்தார். அவற்றைப் பார்த்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது நம் திண்டுக்கல் ஸ்டுடியோக்காரர்தான். அவர் இதையே 1960-ல் கத்தரியும் பசையும் வைத்துச் செய்திருக்கிறாரே! நம் குடும்பத்துப் படங்களில் கைவைத்த முதல் கலைஞர் அவர்தான், நான் இல்லை என்ற நினைப்பு எனக்குப் பெரிய பலமாக இருந்தது.

நீலம் எப்படி வந்தது என்று பேத்தி கேட்டாளாம். அது மை இல்லை, வெயில். ஃபெரிக் அமோனியம் சிட்ரேட், பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடு என்று இரண்டு உப்பு. தனித்தனியே தண்ணீரில் கரைத்துச் சம அளவு கலந்து, இருட்டறையில் பருத்தித் துணியில் பூசிக் காயவிட வேண்டும். துணி இளம்பச்சையாக இருக்கும். படத்தின் நெகட்டிவைக் கண்ணாடி மாதிரித் தெரியும் தாளில் அச்செடுத்து அதன்மேல் வைத்து வெயிலில் காட்டினால், வெளிச்சம் பட்ட இடம் கருக்கும், படாத இடம் தண்ணீரில் போய்விடும். கழுவக் கழுவ நீலம் எழும்பும். ஹெர்ஷல் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி 1842-ல் கண்டுபிடித்தது. முன்பு கட்டட வரைபடங்களை நீல நீலமாக நகல் எடுத்தார்களே, அதுவும் இதே முறைதான். சித்திரை வெயிலில் நம் மொட்டை மாடியில் பத்து நிமிடம் போதும். முதலில் போர் தண்ணீரில் கழுவியதில் நீலம் கண்ணெதிரே வெளுத்துவிட்டது. உப்புத் தண்ணீரின் காரம் அதற்கு ஆகாது. மழைத்தண்ணீர் பிடித்து, எலுமிச்சம்பழம் பிழிந்து கழுவிய பிறகுதான் நின்றது.

இதற்குத் தோதான துணி நன்றாகத் துவைத்துப் பழகிய வெள்ளைப் பருத்தி. வீட்டில் அப்படி இருந்தது அப்பத்தாவின் சேலைகள் மட்டும்தான். "செத்தவுக துணியில போயா" என்று அம்மா தடுத்தார். நான் கேட்கவில்லை. அப்பத்தாவின் மடியில் படுத்த வாசனை அதில் போய்ப் பல வருடம் ஆகிவிட்டது. ஆனால் துணியின் மெத்து அப்படியே இருக்கிறது. அந்த வெள்ளையின் மேலேயே அவர் பெற்ற பிள்ளைகள் எல்லோரும் வந்து உட்கார வேண்டும் என்று நினைத்தேன். அந்த ஆசையில் தவறில்லை என்று இப்போதும் நம்புகிறேன்.

தவறு அதற்கு அடுத்தது.

பெட்டியின் அடியில், உங்கள் கல்யாணத்துக்கு முன்னால் 1967-ல் எடுத்த படம் ஒன்று. நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறீர்கள். பின்னால் நின்றவரை யாரோ கத்தரியால் வெட்டி எடுத்திருக்கிறார்கள். உங்கள் தோளின் மேல் நான்கு விரல்கள் மட்டும் மிச்சம். அவற்றை வெட்டினால் உங்கள் தோளையும் சேர்த்து வெட்ட வேண்டியிருந்திருக்கும். அது சின்ன அத்தையின் கை என்று அப்பா சொன்னார். 1970-ல் அவர் திருப்பூருக்குப் போனது, வேறு சாதியில் கல்யாணம் செய்தது, அதன்பின் இந்த வீட்டுக்கு வரவே முடியாமல் போனது, இறந்தபோது அப்பா மட்டும் போய் வந்தது, எல்லாம் கேட்டேன். கோபத்தில் வெட்டியிருக்கிறார்கள் என்று நானே முடிவு செய்துகொண்டேன். யார் கோபம் என்றுகூட மனதுக்குள் ஒருவரைத் தீர்மானித்துவிட்டேன். சேலையில் அந்த இடத்தை வெறுமையாக விட்டு, வெட்டின ஓரம் முழுக்கச் சிவப்பு நூலால் தையல் போட்டேன், காயம் மாதிரித் தெரியட்டும் என்று. பார்த்தவர்கள் எல்லோரும் அந்த இடத்தில்தான் நின்றார்கள். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

நீங்கள் கிளம்பிப் போன பிறகு அந்தப் படத்தை மறுபடி எடுத்தேன். இந்த முறை அங்குலத்துக்கு 1200 புள்ளி அளவில் ஸ்கேன் செய்து பெரிதாக்கிப் பார்த்தேன். கத்தரி ஒரே வீச்சில் ஓடவில்லை அத்தை. சின்னக் கத்தரி. பதினொரு இடத்தில் நின்று நின்று, உங்கள் முடி ஓரம், காது ஜிமிக்கி எதிலும் படாமல் போயிருக்கிறது. வெட்டி எடுத்த பக்கமும் அதே கவனத்தோடுதான் வெட்டுப்பட்டிருக்க வேண்டும். கிழித்து எறிய நினைப்பவர் இவ்வளவு நேரம் எடுத்துக்கொள்வாரா? அந்தத் துண்டு யாரிடமாவது பத்திரமாக இருந்ததா? எங்கேயாவது கொண்டுபோய்க் கொடுப்பதற்காக வெட்டியதா? எனக்குத் தெரியவில்லை. தெரியாமலே சிவப்பு நூல் எடுத்தேன் என்பதைத்தான் நீங்கள் சொன்னீர்கள். படத்தில் மிச்சமிருப்பவர் நீங்கள். விரல் கிடப்பது உங்கள் தோளில். உங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அந்த இடத்தைத் தொட்டிருக்கக் கூடாது. என்னை மன்னித்துவிடுங்கள் அத்தை.

சிவப்பு நூலைப் பிரித்துவிட்டேன். ஊசி போன துளைகள் துணியில் இருக்கின்றன, துவைத்தாலும் முழுக்க மறையாது. கண்காட்சிக்குக் கேட்டவர்களிடம் இந்தச் சேலை இப்போது வராது என்று சொல்லிவிட்டேன். ஜன்னல் பக்கம் தொங்கியதில் முகங்கள் கொஞ்சம் வெளுத்திருந்தன. இந்த நீலத்துக்கு ஒரு குணம் உண்டு, வெளிச்சத்தில் வெளுத்தது சில காலம் இருட்டில் வைத்தால் திரும்பி வரும். அதனால் மடிக்காமல் உருளையில் சுற்றி உங்கள் டிரங்குப் பெட்டிக்குள்ளேயே வைத்திருக்கிறேன். அந்த 1967 படம் பட்டர் பேப்பரில் தனியாக இருக்கிறது.

நீங்கள் அதைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று கேட்கவில்லை. சொன்னால் கேட்டுக்கொள்கிறேன். எழுத வேண்டாம் என்றால் எழுத மாட்டேன், அந்த இடம் வெள்ளையாகவே இருக்கட்டும். பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை வத்தலக்குண்டுக்கு வருகிறேன். மதியச் சாப்பாடு உங்கள் வீட்டில்தான். வரும்போது படத்தை எடுத்து வரட்டுமா, வேண்டாமா என்று மட்டும் பேத்தியிடம் சொல்லி அனுப்புங்கள்.

உங்கள் மருமகள்