ஹோட்சின் கத்திய திசை

அன்புள்ள கண்ணு,

அருணாச்சலப் பிரதேசக் காட்டில் வழி தவறி மூன்று மணி நேரம் சுற்றியதைப் போனில் சிரித்துக்கொண்டே சொன்னாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று ராத்திரி தூக்கமில்லாமல் படுத்திருந்தபோது ஜூலியான் கோப்கேதான் நினைவில் இருந்தாள். அவளைப் பற்றி உனக்கு நான் சொன்னதே இல்லை.

1971 டிசம்பர் 24. பெரு நாட்டின் லிமாவிலிருந்து கிளம்பிய விமானத்தில் 92 பேர். 17 வயது ஜூலியானும் அவள் அம்மா மரியாவும் அடுத்தடுத்த இருக்கைகளில். அமேசான் காட்டுக்கு மேலே மின்னல் தாக்கி விமானம் சிதறியது. ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர் உயரத்திலிருந்து, பெல்ட் போட்டபடி இருக்கையோடு விழுந்தாள். மறுநாள் காலை கண் திறந்தபோது பக்கத்தில் அம்மா இல்லை. காறை எலும்பு முறிந்திருந்தது. மூக்குக்கண்ணாடி போய்விட்டது, ஒரு செருப்புதான் மிச்சம். எப்படிப் பிழைத்தாள்? புயலில் மேல்நோக்கி எழுந்த காற்று தாங்கியிருக்கலாம், அடர்ந்த கிளைகள் தாங்கியிருக்கலாம் என்கிறார்கள். உறுதியாக இன்றைக்கும் யாருக்கும் தெரியாது.

எனக்கு அதைவிடப் பெரிது, அப்புறம் அவள் நடந்த பதினோரு நாள். மரியா பறவை ஆய்வாளர், கணவர் விலங்கியலாளர். காட்டுக்குள் பங்குவானா என்ற ஆய்வு நிலையத்தை நடத்தினார்கள். மகளும் அங்கே அவர்களோடு இருந்தவள். 'ஓடையைக் கண்டால் அது ஓடும் பக்கமே போ, மனிதர் இருக்கும் இடம் வரும்' என்பது அப்பா சொல்லிக் கொடுத்தது. கையில் இருந்தது ஒரு பை மிட்டாய் மட்டும். ஓடையோடு நடந்தாள்.

நடுவில் ஒரு நாள் பிணந்தின்னிக் கழுகு இறங்கும் சிறகோசை கேட்டது. என்னவென்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. போய்ப் பார்த்தால் மூன்று பேரின் உடல்கள். அதில் ஒரு பெண்ணின் கால் நகத்தில் பூச்சு இருந்தது. அம்மா நகத்துக்குப் பூச்சு போடுவதே இல்லை. அதை வைத்துத்தான் அது அம்மா இல்லை என்று தேற்றிக்கொண்டாள். இந்த இடத்தை என்னால் எப்போதும் வேகமாகக் கடக்க முடிவதில்லை, கண்ணு.

பிறகு ஹோட்சின் பறவையின் குரல் கேட்டது. அது பெரிய நீர்நிலையின் ஓரத்தில்தான் கூடு கட்டும். ஆபத்து வந்தால் குஞ்சுகள் கூட்டிலிருந்து தண்ணீரில் குதிக்கும். சிறகில் உள்ள நகங்களால் பற்றி மறுபடி மரமேறும். பறவைகளை அவளுக்கு அறிமுகப்படுத்தியவர் மரியா. 'பெரிய ஆறு பக்கத்தில் இருக்கிறது' என்று அந்தக் குரலைக் கேட்டதும் ஜூலியானுக்குப் புரிந்தது. ஆற்றை அடைந்தாள். பத்தாம் நாள் ஒரு படகும் குடிசையும். கைப்புண்ணில் புழு நெளிந்தது. வீட்டு நாய்க்கு அப்பா ஊற்றியது போல மோட்டாரிலிருந்த எரிபொருளை ஊற்றி, வெளியே வந்த புழுக்களை எடுத்தாள். மறுநாள் மரம் வெட்டுபவர்கள் வந்தார்கள். விமானத்தில் இருந்தவர்களில் அவள் ஒருத்திதான் மீண்டாள். மரியாவின் உடல் ஜனவரியில் கிடைத்தது.

ஓடையைப் பின்தொடரும் யோசனையை மட்டும் நீ அப்படியே எடுத்துக்கொள்ளாதே. அது சமவெளிக் காட்டுக்கு. நீ இருக்கும் மலையானாலும் நம் வால்பாறையானாலும் ஓடை திடீரென்று அருவியாய் விழும். வழி தவறினால் இருந்த இடத்திலேயே இரு, விசில் ஊது. எங்கே போகிறாய், எப்போது திரும்புவாய் என்று முகாமில் சொல்லாமல் கிளம்பாதே.

சின்ன வயதில் நம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஆள்காட்டிக் குருவி கத்தினால் 'யாரோ வராங்கம்மா' என்பாயே. கடமான் கத்தினால் என் முந்தானையைப் பிடித்துக்கொள்வாய். அந்தக் காது உனக்கு இன்னும் இருக்கிறது. அங்குள்ள குரல்கள் உனக்குப் புதிது, அவ்வளவுதான். அங்கேயே பிறந்து வளர்ந்த வழிகாட்டிகளிடம் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொள்.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது, விடியலில் அங்கே முதலில் கத்துவது எது என்று சொல். முடிந்தால் போனில் பதிவு செய்து அனுப்பு. நானும் கேட்டு வைத்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
அம்மா